முதுகைக் காட்டி நின்றவர்

எங்கள் மேனேஜர் ஆட்டத்தைப் பார்க்கமாட்டார்.

மைதானத்தின் நடுக்கோட்டுக்கு நேராக, எல்லைக் கயிற்றுக்கு உள்பக்கம், ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். கூட்டம் மொத்தமும் பந்தைப் பார்க்கும். அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பியிருப்பார். கூட்டத்தைப் பார்ப்பார் என்றும் சொல்ல முடியாது. கண் பாதி மூடியிருக்கும். மடக்கிய குடையை முதுகுக்குப் பின்னால் இரண்டு கையாலும் பிடித்திருப்பார். பந்து உதைபடும் சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு, "இது காதர். எடது கால். கொஞ்சம் லேட்டு" என்று முணுமுணுப்பார். அந்தக் காலத்தில் எங்கள் பையன்கள் யாரும் பூட்ஸ் போட்டதில்லை. வெறுங்காலில் பந்து படும் சத்தம் ஆளுக்கு ஆள் வித்தியாசப்படும் என்பதே அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

முதல் தடவை பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். வெளியூர் டீம்காரர்கள் பக்கத்தில் வந்து, "சாமி, ஆட்டம் அந்தப் பக்கம் நடக்குது" என்று தோளைத் தட்டியிருக்கிறார்கள். அவர் திரும்பமாட்டார். பாதி ஆட்டம் முடிந்து பையன்கள் ஓடிவந்து சுற்றி நின்றதும், யார் எப்போது அசந்தான், யார் யாருக்குப் பந்து கொடுக்காமல் ஒளித்தான் என்று வரிசையாகச் சொல்வார். ஒன்றும் தப்பாது.

நான் தென்காசி பத்திரப்பதிவு ஆபீஸில் கிளார்க்காக இருந்தேன். மற்றவர்கள் எழுதிக் கொடுத்த வாக்குறுதிகளைப் பெரிய புத்தகத்தில் பிரதி எடுப்பது என் வேலை. இங்கிலீஷில் கடிதம் எழுதத் தெரியும் என்பதற்காக டவுன் கால்பந்து கிளப்புக்கு என்னைச் செக்ரட்டரி ஆக்கியிருந்தார்கள். பிரசிடெண்ட், கயிற்றுக்கடை சங்கரலிங்கம் அண்ணாச்சி. குற்றாலம் சீசனை ஒட்டி வருஷம்தோறும் எங்கள் ஊரில் ஒரு கோப்பைப் போட்டி நடக்கும். எங்கள் ஊர்ப் போட்டியில் எங்கள் டீம் முதல் ஆட்டத்திலேயே தோற்று வெளியேறுவது வழக்கமாகிப் போயிருந்தது.

செங்கோட்டைத் தாலுகா திருவிதாங்கூரை விட்டு நம் பக்கம் சேர்ந்த மறு வருஷம் அவர் வந்தார். ஒரு தோல்பெட்டி, ஒரு குடை. நாற்பது வயது இருக்கும். ஒடிசல் உடம்பு, காது மட்டும் பெரிது. புனலூர்க்காரர் என்றார்கள். மலைமேல் ஏதோ தேயிலைத் தோட்டத்து டீமில் ஆடியவர் என்றார்கள். அவராக எதையும் சொன்னதில்லை. அருவியில் குளிக்க வந்தவர், சாயங்காலம் எங்கள் பையன்கள் பந்து பழகுவதை மூன்று நாள் முதுகைக் காட்டி நின்று கேட்டுவிட்டு, நாலாம் நாள் நேரே கயிற்றுக்கடைக்குப் போய், "உங்க டீம்ல ஏழு பேருக்கு ஓடத் தெரியும். நிக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன் இல்ல" என்று சொல்லியிருக்கிறார்.

அண்ணாச்சிக்கு ஆளைப் பிடித்துவிட்டது. சரக்கு வைக்கும் கிட்டங்கிக்குப் பின்னால் ஒரு அறையை ஒழித்துக் கொடுத்தார். பக்கத்து ஓட்டலில் சாப்பாட்டுக்குச் சொல்லிவைத்தார். மேனேஜர் என்ற பட்டத்தையும் அவர்தான் கொடுத்தார். அன்றைக்கு நானும் கடையில் இருந்தேன்.

"எத்தன வருசம் இருப்பிய?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"இன்னைக்கு இருக்கேன்."

"அது தெரியுதுல்லா. அதுக்குப் பொறவு?"

"பெரிய டீம் ஏதாவது கூப்பிட்டா போயிருவேன். கூப்பிடுற வரைக்கும் இருப்பேன். இப்பவே சொல்லிட்டேன், பின்னால பிராது சொல்லக்கூடாது."

அண்ணாச்சி வாய்விட்டுச் சிரித்தார். தோற்றுக்கொண்டே இருக்கிற டீமின் மேனேஜரை எவன் கூப்பிடப் போகிறான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவருடைய குணம் அதுதான். வாக்குக் கொடுக்கமாட்டார். நாளைக்கு வாரேன் என்றுகூடச் சொல்லமாட்டார். மறுநாள் வந்து நிற்பார், அவ்வளவுதான். வேலைக்குக் கிடைத்த அறையும் சாப்பாடும் போக, யாரிடமும் எதையும் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் வீட்டுக்கு வருவார். அவருக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், எழுத வராது. கல்கத்தா, பம்பாய், பெங்களூர் என்று பெரிய டீம்கள் பெயரையெல்லாம் ஒரு நோட்டில் வைத்திருந்தார். வாரம் ஒரு டீமுக்கு நான் கடிதம் எழுதித் தர வேண்டும். முதல் ஞாயிறு என் மனைவி காப்பி கொடுத்தாள், குடித்தார். அடுத்த ஞாயிறு கொடுத்தபோது கையெடுத்துக் கும்பிட்டார்.

"வேண்டாம்மா. ஒரு வீட்ல ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டா, ஊர விட்டுப் போகும்போது அந்த வீட்ல வந்து சொல்லிட்டுப் போகணும். எனக்கு அது வராது."

அவர் போனபிறகு என் மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "காப்பித் தம்ளர்ல என்ன கயிறா கட்டி வச்சிருக்கேன், இந்த மனுசனப் பிடிச்சுப் போட?"

கடிதங்களும் அவரைப் போலத்தான். ஜெயித்ததை மட்டும் எழுதலாமே என்பேன். ஒத்துக்கொள்ளமாட்டார். "ஆழ்வார்குறிச்சில மூணு கோல்ல தோத்தோம்னு எழுதுங்க. ஏன் தோத்தோம்னும் எழுதுங்க." தன் தோல்விகளை இவ்வளவு விவரமாக எழுதி வேலை கேட்ட மனிதரை நான் வேறு கண்டதில்லை. பதில் வருவதற்கு, செக்ரட்டரி என்று என் பெயரையும் ஆபீஸ் விலாசத்தையும் போடுவோம். பதில் வராது. அடுத்த ஞாயிறு நோட்டில் அடுத்த பெயர்.

இதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. ஊருக்கே தெரியும். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் சாயங்காலமானால் இதே பேச்சு. கூட்டத்துக்குத் தலைவன் கண்டக்டர் துரைச்சாமி. எங்கள் டீமுக்காக டூட்டியை மாற்றிக்கொண்டு வந்து தொண்டை கிழியக் கத்துகிறவன். கைலிக்கடை மைதீன் பாய் அவனுக்கு நேர் எதிர். நிதானமானவர், ஆனால் ஒரு ஆட்டம் விடமாட்டார்.

"ஏலே, அவன் நம்மளயா பாக்கான்? நம்ம முதுகுல ஏறி நின்னுக்கிட்டு கல்கத்தாவப் பாக்கான்" என்பான் துரைச்சாமி.

"ஏறி நிக்கட்டுமே. அதுக்கு மொதல்ல நம்மள நிமித்தியாகணும்லா" என்பார் பாய்.

"நிமித்துவான். நிமிந்ததும் உதறிட்டுப் போவான்."

"சொல்லிட்டுத்தானவே செய்யுதாரு. சொல்லாமச் செய்யுறவன விட இது தேவலல்லா?"

"அதான் பாய் வயித்தெரிச்சல். ஒரு பொய்யாவது சொல்லலாம்ல. இந்த ஊருதான் என் ஊருன்னு ஒரு வார்த்த சொன்னா வாயி வெந்தா போகும்?"

நான் பெரும்பாலும் பேசமாட்டேன். ஆனால் மனதுக்குள் துரைச்சாமி பக்கம்தான். வாரம் தவறாமல், இந்த ஊரை விட்டுப் போக விரும்புகிறேன் என்ற வாக்கியத்தை என் கையாலேயே இங்கிலீஷில் எழுதுகிறவனுக்கு வேறு எப்படி இருக்கும்?

பையன்களை அவர் பழக்கிய விதம் ஊருக்கு வேடிக்கை. விடியற்காலை முதல் பஸ்ஸில் ஐந்தருவிக்குக் கூட்டிப் போவார். தண்ணீர் நன்றாக விழுகிற இடத்தில் பதினொரு பேரையும் கை கோத்து நிற்கவைப்பார். சீசன் தண்ணீர் தலையிலும் தோளிலும் அடிக்கும்போது காலைப் பெயர்க்காமல் நிற்க வேண்டும். எவன் கால் நகர்ந்தாலும் எல்லோருக்கும் மறுபடி முதலிலிருந்து. எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளிக்க வந்தவர்கள் எல்லாம் ஓரமாக நின்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பும் பாடத்தில் சேர்த்தி என்பார். தறிக்கார வீட்டுப் பையன் காதர்தான் அதிகம் விழுவான். விழுந்து எழுந்து அவனே மேனேஜரைப் பார்த்துச் சிரிப்பான். மேனேஜர் முகத்தில் சிரிப்பை வரவழைக்க அவனால் மட்டும் முடிந்தது. காதருக்கு அப்போது இருபது வயது. இடது ஓரத்தில் பந்தோடு அவன் கிளம்பினால் துரைச்சாமி விசிலை எடுத்து ஊதுவான்.

முதல் சீசனில் செமி ஃபைனல் வரைக்கும் போனோம். கிளப் தொடங்கியதிலிருந்து அப்படி நடந்ததில்லை. கூட்டம் அவரைத் தோளில் தூக்கப் போனது. விலகிக்கொண்டு, குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நடந்து போய்விட்டார். அந்த வருஷத்திலிருந்துதான் ஊருக்குப் பயம் பிடித்தது. தோற்கும்போது போனால் போகட்டும் என்றிருந்த ஆளை ஜெயிக்கத் தொடங்கியதும் எல்லோரும் கண்காணிக்க ஆரம்பித்தோம். அவர் ஸ்டேஷன் பக்கம் நடந்தால் டீக்கடைக்குச் செய்தி வரும். தோல்பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்தால் அதுவும் செய்தி.

இரண்டாவது சீசன். செமி ஃபைனலுக்கு முந்தின நாள் காதரை டீமிலிருந்து எடுத்துவிட்டார். பழகும்போது அவன் வலது முட்டி பிசகி லேசாக வீங்கியிருந்தது. காதர் அழுதான். துரைச்சாமி ஆட்களைச் சேர்த்துக்கொண்டு கிட்டங்கி வாசலுக்கே போய்விட்டான்.

"நொண்டிகிட்டு ஆடினாலும் அவன் ஆடினாத்தான்யா ஜெயிப்போம். உமக்கு என்ன? தோத்தா அடுத்த ஊரு. எங்களுக்கு இது ஒண்ணுதான ஊரு!"

"முட்டி அவனோடது" என்றார் மேனேஜர். "உங்க ஊரோடது இல்ல."

"பைனலுக்காவது எறக்குவீரா?"

"ரெண்டு மாசம் அவன் காலை மடக்கி ஓடக்கூடாது."

காதர் இல்லாமல் அந்த ஆட்டத்தை ஒரு கோலில் ஜெயித்தோம். எப்படி ஜெயித்தோம் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. பதினொரு பேரும் அருவிக்கு அடியில் நிற்பது போல நின்றார்கள், மோதியவர்கள்தான் சிதறினார்கள். ஃபைனல் வடக்கேயிருந்து வந்த ஒரு மில் டீமோடு. எட்டு நாள் இருந்தது.

மூன்றாம் நாள் ஆபீஸ் தபாலில் அந்தக் கடிதம் வந்தது.

பெங்களூரில் ஒரு பெரிய ஆலை டீம். உறையில் முதலில் என் பெயர், அதன் கீழே அவர் பெயர். அதனால் நான் பிரித்தேன். தோல்விகளைப் பற்றி இவ்வளவு தெளிவாக எழுதிய மனிதரைச் சந்திக்க விரும்புகிறோம் என்று டைப் அடித்திருந்தது. வேலையும் தங்க இடமும் தருகிறோம், குறிப்பிட்ட தேதியில் நேரில் வந்து சேரவும், அன்றைக்கு வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுத்துக்கொள்வோம் என்று எழுதியிருந்தார்கள். தேதியைப் பார்த்தேன். எங்கள் ஃபைனல் நடக்கும் நாள்.

இரண்டு தடவை படித்தேன். மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன். ஃபைனல் முடிந்ததும் கொடுத்துவிட்டு, தாமதத்துக்கு நானே மன்னிப்புக் கேட்டு அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதிவிடலாம் என்று எண்ணிக்கொண்டேன். அந்த எண்ணம் எனக்கு நியாயமாகவே பட்டது. ஊருக்காகச் செய்கிறேன் என்றிருந்தது.

அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் போயிருக்கும். மனதில் வைத்திருக்க முடியாமல் அண்ணாச்சியிடம் மட்டும் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "கெடக்கட்டும். குடுக்காதிய. நான் வேற மாதிரி கேட்டுக்கிடுதேன்" என்றார்.

அவர் வேறு மாதிரி கேட்டது இதுதான். ஃபைனலுக்கு முதல் நாள் சாயங்காலம் கமிட்டியைக் கடைக்கு வரச் சொன்னார். துரைச்சாமியும் பாயும் இன்னும் பத்துப் பதினைந்து பேரும் கடை வாசலில் நின்றார்கள். சாரல் விழுந்துகொண்டிருந்தது. மேனேஜர் வந்து ஈரக் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றார்.

"நாளைக்கு ஆட்டம்" என்றார் அண்ணாச்சி. "அதுக்கு முன்ன எங்களுக்கு ஒரு வார்த்த வேணும். இன்னும் மூணு வருசம் இந்த டீம விட்டுப் போமாட்டேன்னு கோவில் வாசல்ல கற்பூரம் ஏத்திச் சொல்லணும். உமக்கு வேற சாமின்னா அந்தச் சாமி வாசல்ல சொல்லும். எங்களுக்கு வார்த்ததான் முக்கியம்."

"நாளைக்கு ஆட்டத்துக்கு இருக்கேன். மத்தது கேக்காதீங்க."

"கேப்போம்யா" என்று துரைச்சாமி வாசலிலிருந்து கத்தினான். "எங்கள வச்சுத்தான பேரு எடுத்தீரு? ஒரு சத்தியம் பண்ண முடியாதோ?"

"பண்ணலாம். பண்ணிட்டு மறுவாரம் போகவும் செய்யலாம். அப்படி ஆள்தான் வேணும்னா நான் இல்ல."

"எங்கயோ எடம் பாத்து வச்சிருக்கீரு, அதான் இந்தத் திமிரு" என்றார் அண்ணாச்சி. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

மேனேஜரும் என்னைப் பார்த்தார். வாராவாரம் கடிதம் எழுதுகிறவன் நான்தானே. "எங்கயும் எடம் இல்ல. செக்ரட்டரியக் கேளுங்க. ஒரு பதில் வரல" என்றார்.

நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. கமிட்டி நோட்டின் பக்கத்தைத் திருப்பினேன். அண்ணாச்சி சொல்லச் சொல்ல, மேனேஜரை அன்று முதல் நீக்குவதாகத் தீர்மானம் எழுதினேன். என் கையெழுத்து எப்போதும் போல முத்து முத்தாக இருந்தது.

மறுநாள் அவர் டிக்கெட் வாங்கிக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். கயிற்றுக்கு வெளியே, கூட்டத்தின் நடுவே, வழக்கம் போல ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றார். துரைச்சாமியின் ஆட்கள் அவர் முகத்துக்கு நேராகவே கேலி பேசினார்கள். ஒருவன் குடையைப் பிடுங்கி எறிந்தான். அவர் போய் எடுத்துக்கொண்டு வந்து அதே இடத்தில் நின்றார்.

அண்ணாச்சி காதரை இறக்கியிருந்தார். கட்டுப் போட்ட முட்டியோடு அவன் இடது ஓரத்தில் நின்றதைப் பார்த்ததும் கூட்டம் எழுப்பிய சத்தத்தில் மேனேஜருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். முதல் பாதியில் ஒரு கோல் வாங்கினோம். இரண்டாம் பாதியில் காதருக்குப் பந்து கிடைத்தது. துரைச்சாமி விசிலை ஊதினான். காதர் ஓடி, மடங்கித் திரும்பினான். அப்போது ஒரு சத்தம் கேட்டது. பந்தின் சத்தம் இல்லை. நான் அவனுக்குப் பத்தடி தள்ளி நின்றேன். அந்தச் சத்தம் எனக்கே கேட்டது.

மேனேஜர் திரும்பினார். அவர் ஆட்டத்தின் பக்கம் திரும்பி நான் பார்த்தது அந்த ஒரே தடவைதான். காதர் சரள் மண்ணில் முட்டியைப் பிடித்துக்கொண்டு புரண்டுகொண்டிருந்தான். மேனேஜர் கயிற்றைத் தாண்டி உள்ளே போனார். யாரும் தடுக்கவில்லை. அவனைத் தூக்கித் தன் தோளில் சாய்த்து வைத்துக்கொண்டு வெளியே வந்தார். ஆட்டம் தொடர்ந்தது. மூன்று கோலில் தோற்றோம். காதர் அதன்பிறகு ஆடவில்லை. தறிக் குழியில் காலை இறக்கி உட்காரவும் முடியாமல், கொஞ்ச காலம் மைதீன் பாய் கடையில் கைலி மடித்துக்கொண்டிருந்தான். பிறகு கொழும்புக்கோ எங்கோ போய்விட்டான்.

கடிதத்தின் தேதி ஆட்டத்தோடு முடிந்துபோயிற்று. நாளைக் கொடுக்கலாம், நாளைக் கொடுக்கலாம் என்று ஒரு வாரம் போனது. ஒரு வாரம் கழித்து எப்படிக் கொடுப்பது என்று ஒரு மாதம் போனது. பெங்களூருக்கு எழுதுவதாக எண்ணியிருந்த கடிதத்தையும் நான் எழுதவில்லை.

அவர் ஊரை விட்டுப் போவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். போகவில்லை. கிட்டங்கி அறையைக் காலி செய்துவிட்டு, செங்கோட்டை ரோட்டில் ஒரு மர டிப்போவில் வேலைக்குச் சேர்ந்தார். மலைக்கு அந்தப் பக்கமிருந்து லாரியில் வருகிற கட்டைகளுக்குத் தாரில் நம்பர் போடும் வேலை. என் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை வருவது நின்றுவிட்டது. நான் தெருவில் எதிர்ப்பட்டால், "என்ன செக்ரட்டரி" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போவார். சந்தேகம் துளியும் இல்லாத குரல்.

துரைச்சாமி இப்போது வேறு மாதிரி பேசினான். "இவனயா லே நாம கல்கத்தா தூக்கிட்டுப் போயிரும்னு பயந்தோம்? நாய்கூடச் சீந்தல பாரு. போக்கெடம் இல்லாமத் தாரு அடிச்சுக்கிட்டுக் கெடக்கான்." டீக்கடை சிரிக்கும். மைதீன் பாய் மட்டும் எழுந்து போய்விடுவார். நான் டீயைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். போகப் பார்க்கிறவன் என்று முதலில் ஏசினோம். போக வழியில்லாதவன் என்று பிறகு ஏசினோம். இரண்டாவது ஏச்சு பொய் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். அண்ணாச்சிக்கு அது மறந்தே போய்விட்டது.

அடுத்து ஒரு மேனேஜரைப் பிடித்தார்கள். மூன்று வருஷம் இருப்பேன் என்று கோவில் வாசலில் கற்பூரம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்தார். நாலு மாதத்தில் எங்கள் கோல்கீப்பரையும் கூட்டிக்கொண்டு அந்த மில் டீமுக்கே போய்விட்டார். அதற்கடுத்த சீசனில் கிளப் இல்லை. துரைச்சாமி மதுரைப் பக்கம் டெப்போ மாறிப் போனான், ஊருக்கு வருவதுகூட இல்லை. எங்கள் பழைய மேனேஜர் மட்டும் தென்காசியிலேயே இருந்தார். ஊரில் இன்னமும் அவரை மேனேஜர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஆறு வருஷம் கழித்து எனக்கு வடக்கே மாற்றல் வந்தது. ஆபீஸ் டிராயரை ஒழிக்கும்போது அடியில் அந்த உறை. கிழித்துப் போட்டிருக்கலாம். எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அன்றைக்கு மத்தியானமே மர டிப்போவுக்குப் போனேன்.

தார்ச் சட்டியும் கையுமாக இருந்தார். தலை நரைத்திருந்தது. "என்ன செக்ரட்டரி, இந்தப் பக்கம்?" என்று சிரித்தார். உறையை நீட்டினேன்.

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். ஒரு கட்டைமேல் உட்கார்ந்து, வரிக்கு வரி விரல் வைத்து, எழுத்துக்கூட்டிப் படித்தார். முடித்துவிட்டு மறுபடி மேலேயிருந்து படித்தார்.

"எப்ப வந்துது?"

"ஃபைனலுக்கு அஞ்சு நாள் முன்ன."

"அன்னைக்குக் கடையில, பதில் வரலன்னு நான் சொன்னப்ப?"

"டிராயர்ல இருந்தது. அண்ணாச்சிக்கும் தெரியும்."

அவர் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடிதத்தின் தேதியைக் கட்டை விரலால் தடவினார்.

"ஃபைனல் அன்னைக்கு அங்கன நிக்கணும்னு போட்டிருக்கு" என்றார். "அப்ப ஃபைனலா, இதுவான்னு நான் முடிவு பண்ணியிருக்கணும்."

"ஆமா."

"என்ன பண்ணியிருப்பேன்?"

"நீங்க இருந்திருப்பிய. எனக்குத் தெரியும்" என்றேன். அந்த நேரத்தில் அதை நம்பித்தான் சொன்னேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உமக்கு எப்படிவே தெரியும்? எனக்கே தெரியல." என்னை அவர் மரியாதை குறைத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. "போற ஆளுன்னு சொன்னாங்க. போக்கெடம் இல்லாத ஆளுன்னு சொன்னாங்க. ஊருல ஆளுக்கு ஒண்ணு சொல்லட்டும், எனக்கு ஒண்ணும் இல்ல. நான் எந்த ஆளுன்னு எனக்குத் தெரியணும்ல? அது தெரியறதுக்கு ஒரே ஒரு தடவை வந்திருக்கு. அத நீரு வச்சுப் பூட்டிட்டீரு."

நான் மன்னிப்புக் கேட்டேன். அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். உறைக்குள் போட்டு என்னிடம் நீட்டினார்.

"மேல உம்ம பேருதான் இருக்கு. உம்மகிட்டயே இருக்கட்டும்."

எழுந்து தார்ச் சட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டைக்குப் போனார். தூரிகையைத் தாரில் முக்கி, கட்டையின் முகத்தில் ஒரு எண்ணைத் தொடங்கிவிட்டு, அப்படியே நின்றார். முந்தின கட்டையில் என்ன நம்பர் போட்டேன் என்று, திரும்பாமலே என்னைக் கேட்டார். நான் போய்ப் பார்த்து, நூற்றுப் பதினேழு என்றேன். எழுதினார். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.